மஞ்சள் மரத்துக்குப் பச்சைக் கட்டம்

பைன் மரத்தை பிஜி நேரில் பார்த்ததில்லை. அதன் தலை மட்டும்தான் அவளுக்குத் தெரியும். பாட்டில் கழுவும் பிரஷ்ஷை நிமிர்த்தி வைத்து மேலேயிருந்து எட்டிப் பார்த்த மாதிரி இருக்கும். ட்ரோன் எடுத்த ஒரு படத்தில் அப்படி நூற்றுக்கணக்கான தலைகள்.

ஒவ்வொரு தலையையும் சுற்றி ஒரு கட்டம் போட்டு, கட்டத்துக்கு நிறம் கொடுப்பதுதான் வேலை. நல்ல மரத்துக்குப் பச்சை. உள்ளே வண்டு இருக்கிற மரத்துக்கு மஞ்சள். வண்டு தின்று முடித்துப் பறந்துபோன மரத்துக்குச் சிவப்பு. ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் நாட்டில் மலை மலையாக பைன் காடு. அதன் பட்டைக்குள் புகுந்து முட்டையிடுகிற வண்டு அரிசியளவுதான் இருக்குமாம். எந்த மரத்தில் வண்டு இருக்கிறது என்று படத்தைப் பார்த்தே சொல்கிற மென்பொருளை அங்கே ஒரு கம்பெனி உண்டாக்கிக்கொண்டிருந்தது. மென்பொருள் தானாகவே எதையும் அறியாது. முதலில் ஆட்கள் உட்கார்ந்து லட்சக்கணக்கான மரங்களுக்குக் கட்டம் போட்டுக் காட்டிக்கொடுக்க வேண்டும். அந்த ஆட்கள் பெருங்கடவிளையில் ஓர் உரக்கடையின் மாடியில் இருந்தார்கள். எல்லோரும் பெண்கள். கீழேயிருந்து யூரியா நாற்றம் ஏறி வரும். மழைக்காலத்தில் கூடுதலாக வரும்.

பிஜிக்கு இந்த வேலை போனால் குவைத்துதான். அதில் வேறு பேச்சு இல்லை. அவள் கணவன் ராபின்சன் கம்பி கட்டப் போன இடத்தில், நெய்யாற்றின்கரையில், சாரத்தோடு சேர்ந்து விழுந்தான். நடப்பான், உட்காருவான், குனிய முடியாது. அவன் குத்தகைக்கு எடுத்திருந்த ரப்பரை அதற்குப் பிறகு பிஜிதான் வெட்டினாள். ஒற்றசேகரமங்கலத்துக்கு மேலே சரிவில் கிடக்கிற மரங்கள். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய், மரம் மரமாகக் குனிந்து வெட்டி, பால் எடுத்து, தகடாக்கி, அவளுடைய இடுப்பும் ஒரு வழியாகிவிட்டது. ஏஜென்ட் செல்லசாமி குவைத்தில் ஒரு வீட்டு வேலைக்கு விசா வைத்துக்கொண்டு சுற்றிய நேரத்தில்தான் இந்த மாடியில் ஆள் எடுத்தார்கள். பழைய டிகிரியும் பழைய கம்ப்யூட்டர் கோர்ஸும் அன்றைக்கு உதவின.

பக்கத்து வீட்டு ஆனந்தபாய் குவைத்துக்குப் போனபோது பிஜியின் மகள் சோனா அங்கன்வாடியில் இருந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. ஆனந்தபாயின் பிள்ளைகள் இன்றைக்கும் போனில்தான் அம்மா என்று கூப்பிடுகிறார்கள். பிஜி அதைத் தினமும் மதிலுக்கு அந்தப்பக்கமிருந்து கேட்கிறாள்.

தப்பு நடந்தது ஒரு கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்பு. பக்கத்து இருக்கை லேகாதான் முதலில் கூப்பிட்டாள்.

“பிஜியக்கா, இஞ்ச பாருங்க. இந்தச் சரிவு முழுக்க மஞ்ச. இத்தனையும் வண்டு தின்னுமா?”

பிஜி நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்ப் பார்த்தாள். படம் அக்டோபரில் எடுத்தது. ஒரு மரம் விடாமல் ஒரே சீராக மஞ்சள்.

“எடி, இது எலபொழிச்சலாக்கும். அங்க குளிர் தொடங்கிய சமயம்லா?”

“பைனு எல பொழியுமா அக்கா?”

“பொழியாத மரம் எங்க உண்டு? நம்ம ரப்பர் தை மாசத்துல எப்பிடி நிக்கும்? மொட்டையடிச்ச மாதிரி. செத்துப்போச்சுண்ணு சொல்லி ஆராவது வெட்டித் தள்ளுவாவளா?”

“அதும் செரிதான்.”

“தீனம் வந்தா அங்கொண்ணு இங்கொண்ணாத்தான் வரும். தோட்டம் முழுக்க ஒரேபோல மஞ்சளிச்சா அது காலத்துக்க காரியம்.”

கம்பெனி அனுப்பிய வழிகாட்டியிலும் ஒரு வரி இருந்தது. இலையுதிர் காலத்தில் பழைய ஊசிகள் மஞ்சளாகி உதிர்வது இயல்பு, அதைப் பூச்சித் தாக்குதலாகக் குறிக்க வேண்டாம் என்று. பிஜி அதை லேகாவுக்கு விரலை வைத்துக் காட்டினாள். கிளைக்கு உள்பக்கம் இருக்கிற கொஞ்சம் ஊசிகளைத்தான் அந்த வரி சொன்னது. வெளித்தலை எப்போதும் பச்சையாகவே நிற்கும். அதை யாரும் எழுதி வைக்கவில்லை. பைன் மொட்டையாகாது என்பதை ஒருத்தருக்குச் சொல்லித்தர வேண்டிவரும் என்று எழுதினவனுக்குத் தோன்றியிருக்காது.

திரையில் 'சந்தேகம்' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் படம் பூட்டிக்கொள்ளும். அங்கேயிருந்து பதில் வருகிற வரைக்கும் அந்தப் படம் யாருடைய வேலைக் கணக்கிலும் சேராது. அதனால் யாரும் அந்தப் பொத்தானைத் தொடுவதில்லை. பிஜி குழுவுக்குத் தலைவி. அவள் வாட்ஸாப்பில் போட்டாள்: சரிவு முழுக்க ஒரேபோல மஞ்சள் என்றால் இலைபொழிச்சல், பச்சை அடிக்கவும். தனித்தனியாக மஞ்சள் என்றால் வண்டு. எல்லோரும் கட்டைவிரல் போட்டார்கள். எல்லோரும் ரப்பர் வீட்டுப் பெண்கள்தான். ஒருத்திக்குக்கூட அது தப்பாகத் தோன்றவில்லை.

அடுத்த ஆடியில், நல்ல மழையில், மேனேஜர் அஸ்வந்த் மாடியேறி வந்தான். பெருங்கடவிளைக்காரன்தான், எஞ்சினியரிங் முடித்தவன், பிஜியைவிட வயதில் சிறியவன். ஹெல்மெட்டைக் கழற்றினான், உட்காரவில்லை.

“சேச்சிமாரே, எல்லாரும் மவுஸ்லேருந்து கைய எடுங்க.”

சுவரிலிருந்த பெரிய திரையில் இரண்டு படங்களைப் போட்டான். முதல் படம் அந்த மஞ்சள் சரிவு. மரத்துக்கு மரம் பச்சைக் கட்டம். இரண்டாவது படத்திலும் அதே சரிவுதான். துருப்பிடித்த தகரம் மாதிரிச் சிவந்து கிடந்தது. அதை அடுத்த சரிவும் சிவப்பு, அதற்கடுத்ததும்.

“மென்பொருள் நல்லதுண்ணு சொன்ன இடத்த அவங்க தொடல்ல. சிவப்பு மரத்த மட்டும் வெட்டி எடுத்தாங்க. சிவப்புல வண்டே கிடையாது, அது எப்பவே பறந்து போச்சு. முழு வண்டும் இந்த மஞ்சள்ல ஆக்கும் இருந்தது. மே மாசம் சூடு வந்ததும் எல்லாம் கூட்டத்தோட எளகிப் பறந்திருக்கு. நாம பச்சை அடிச்சுக் குடுத்ததத்தான் அது படிச்சிருக்கு.”

தகரக் கூரையில் மழை. லேகா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிஜி எழுந்து நின்றாள்.

“சாரே, அது நான் சொன்னதாக்கும். இவங்க ஆரும் இல்ல.”

“எதுக்கு சந்தேகம் அடிக்கல்ல சேச்சி?”

“அடிச்சா படம் பூட்டும். நம்ம டீம் சந்தேகமே அடிக்காத டீமுண்ணு சொல்லி சார்தான் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தது.”

அஸ்வந்துக்கு ஒரு சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை.

“நான் அவங்ககிட்ட என்ன சொல்லி இந்த ஜோலிய வாங்கினேன்னு தெரியுமா? எங்க ஆளுங்க மரத்துக்க கூடப் பிறந்து வளந்தவங்க, எலக்க நெறம் பாத்தே தீனம் சொல்லுவாங்கண்ணு. மீட்டிங்ல அதக் கேட்டு அவங்க கை தட்டினாங்க.”

பிஜி நின்றுகொண்டே இருந்தாள். போகச் சொல்வான் என்று காத்திருந்தாள். அவன் சொல்லவில்லை.

“இருங்க சேச்சி. ஒரு சான்ஸ் தந்திருக்காங்க. எல்லா மஞ்சளையும் முதல்லேருந்து திருத்தணும். செரியாத் திருத்திக் குடுத்தா அடுத்த வருஷ ஜோலியும் நமக்குத்தான். வாக்கு தந்திருக்காங்க.”

அன்று சாயங்காலம் செல்லசாமி கூப்பிட்டான். வீடு ரெடி, சின்னக் குடும்பம், என்ன சொல்லுதிய என்று கேட்டான். பிஜி, “ஓணம் கழியட்டும்,” என்றாள். ஓணம் கழிந்தபோது, “கிறிஸ்துமஸ் கழியட்டும்,” என்றாள்.

பிறகு அவள் வேலை பார்த்த மாதிரி அந்த மாடியில் யாரும் பார்த்ததில்லை. மதியச் சோறு சாப்பிடும்போதும் போனில் பைன் மரத்தைப் பற்றி வாசித்தாள். புரியாத வார்த்தைகளை சோனாவிடம் கேட்டாள். வண்டு புகுந்த மரம் முதலில் மஞ்சளாவதில்லை, பச்சையிலேயே ஒரு சோகை பிடிக்கும், பழைய வேட்டி மாதிரி நிறம் மங்கும் என்று கண்டுபிடித்தாள். இப்போது அவளே சந்தேகப் பொத்தானை அழுத்தி அழுத்திக் கேட்டாள். பதில் வந்தது. அவள் கேட்டது சரியென்றே வந்தது. பெண்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்திக் காட்டிக்கொடுத்தாள். மஞ்சளைப் பச்சையாக்கின அவர்கள், பச்சைக்குள்ளிருந்து மஞ்சளைப் பொறுக்கி எடுத்தார்கள்.

புரட்டாசி வாக்கில் மென்பொருளே முதலில் கட்டம் போட ஆரம்பித்தது. படம் திறக்கும்போதே கட்டங்களோடு திறக்கும். தப்பாக இருந்தால் மாற்ற வேண்டும், சரியென்றால் அடுத்தது. முதல் வாரம் பாதிக்குப் பாதி தப்பு. பெண்கள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பாறைக்குக் கட்டம் போட்டிருந்தது, ஒரு வீட்டுக் கூரைக்கு வண்டு என்று போட்டிருந்தது. போகப்போகச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு படத்தில் நாலைந்து தப்பு. பிறகு ஒன்று. பிறகு அடுத்தது, அடுத்தது, அடுத்தது என்று அமுக்கிக்கொண்டே போவதுதான்.

லேகா ஒருநாள் மதியம் பாத்திரம் கழுவுகிற இடத்தில் வந்து நின்றாள்.

“அக்கா, ஒண்ணு சொல்லட்டா? கோவப்படப்பிடாது.”

“சொல்லு.”

“நாம கொஞ்சம் தப்பா அடிச்சா என்ன?”

“ஒனக்கு என்ன, கிறுக்கு பிடிச்சாச்சா?”

“பின்ன? இது படிச்சு முடிச்சா நம்மள எதுக்கு வச்சிருக்கப் போறாவ? நல்லா சொல்லிக்குடுத்தா வாத்தியாருக்க ஜோலி போவுமா எங்கயாவது? இஞ்ச போவும். நான் கெடுக்கச் சொல்லல்ல. பிள்ள ஒரு வருஷம் தோத்து அதே கிளாஸ்ல இருக்கட்டுமேண்ணுதான் சொல்லுதேன்.”

பிஜிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, “போய் ஜோலியப் பாரு மக்கா. ஒரு தடவ தப்பா அடிச்சு எத்தன மல போச்சு? அடுத்த வருஷத்துக்கு வாக்கு தந்திருக்காவ,” என்றாள்.

“ஆரு கேட்டா அந்த வாக்க? நம்ம அஸ்வந்து சார்லா. அவரே நம்பல்ல. ரெண்டு தடவ பெங்களூருக்கு இண்டர்வியூக்குப் போயாச்சு.”

வீட்டில் ராபின்சன் கட்டிலில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவனால் அப்படித்தான் உட்கார முடியும். லேகா சொன்னதை பிஜி அவனிடம் சொன்னாள். அவன் அதிகம் யோசிக்கவில்லை.

“அடி. தப்பா அடி. ஆருக்கு நட்டம்?”

“மரம் சாவும்.”

“சாவட்டு. இந்த வருஷம் நம்ம ரப்பர்ல மழயோட எல முழுக்க அழுகி விழுந்துதே, எவனாவது மேல பறந்து படம் எடுத்தானா? எந்த மென்பொருள் வந்து பாத்துது?”

“அதுக்கு இவங்க என்ன செய்வாவ?”

“ஒண்ணும் செய்யாண்டாம். நீயும் அவனுவளுக்க காட்டுக்குக் காவல் நிக்காண்டாம். நீ போனா இஞ்ச ஆரு இருக்கா? நானா? எனக்கு விழுந்த பேனா எடுக்க ஆளு வேணும்.”

சோனா அடுக்களையில் படித்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தின் தாள் புரளும் சத்தம் நின்று போயிருந்ததை பிஜி கவனித்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிஜி அதைச் செய்தாள். ஒரு சரிவில் தெளிவான ஒரு மஞ்சள் மரம். மென்பொருள் சரியாக மஞ்சள் கட்டம் போட்டிருந்தது. அவள் அதைப் பச்சையாக மாற்றினாள். ரப்பர் வெட்டுகிற கத்தி பட்டை தாண்டி மரத்தில் பட்டுவிட்டால் கைக்குத் தெரியும் ஒரு கூச்சம் உண்டு. அது வந்தது. பரவாயில்லை என்று சேமித்தாள்.

திரையின் கீழே ஒரு சின்னப் பெட்டி எழுந்தது. இதுவரை வந்ததே இல்லை. இந்த மாற்றம் முந்தைய குறிப்புகளோடு பொருந்தவில்லை, உறுதிதானா என்று ஆங்கிலத்தில் கேட்டது. பக்கத்திலேயே முந்தைய குறிப்புகள் என்று ஓர் இணைப்பு. அழுத்தினாள். வரிசையாக மஞ்சள் மரங்கள் வந்தன. அதே சாயல், அதே நிறம். ஒவ்வொன்றுக்கும் கீழே கட்டம் போட்டவருடைய அடையாள எண். எல்லாம் அவளுடைய எண். ஆடியிலிருந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து அவள் திருத்திக் கொடுத்த மரங்கள்.

உறுதிதான் என்று அமுக்கினாள்.

அடுத்த படத்தில் இன்னொன்றை மாற்றினாள். பெட்டி மறுபடி வந்தது. மறுபடியும் உறுதிதான் என்றாள். மூன்றாவது மரத்தில் பெட்டி வரவில்லை. அவள் பச்சையாக்கிவிட்டுக் கையை எடுத்தாள். கட்டம் தானாக மஞ்சளுக்குத் திரும்பியது. மறுபடி பச்சையாக்கினாள். மறுபடி மஞ்சள். மேலே அவள் பெயருக்குப் பக்கத்தில் எப்போதும் எரிகிற பச்சைப் புள்ளி சாம்பல் நிறமாகியிருந்தது.

நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். லேகா திரும்பிப் பார்த்தாள். அவளுடைய பெயருக்குப் பக்கத்திலும் சாம்பல் புள்ளிதான்.

“ஒங்களுக்கும் ஆச்சா?” என்றாள் லேகா. “எனக்கு ரெண்டு நாளா இப்பிடித்தான் அக்கா. நீங்க ஏசுவியண்ணு சொல்லல்ல.”

“நாம அடிக்கிய ஒண்ணும் ஏற மாட்டங்குதே.”

“ஏறாது. எல்லாம் எடுத்தாச்சு. நம்மள இருத்தி வச்சிருக்கு, அவ்வளவுதான்.”

புது வருடம் பிறந்து அஸ்வந்த் கேக் கொண்டுவந்தான். ப்ளம் கேக், நெய்யாற்றின்கரையிலிருந்து வாங்கியது. வெட்டிக் கொடுத்துவிட்டு, அங்கேயிருந்து வந்த பாராட்டைப் படித்தான். பெருங்கடவிளைக் குழுவின் திருத்தங்கள் இல்லையென்றால் மென்பொருள் இந்த நிலைக்கு வந்திருக்காது என்றும், சோகை பிடித்த பச்சையை அடையாளம் காட்டியது முக்கியமான பங்களிப்பு என்றும் எழுதியிருந்தார்கள்.

“அப்போ அடுத்த வருஷ ஜோலி?” என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

“அதாக்கும்...” அஸ்வந்த் கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தான். “அவங்க வாக்கு மாறல்ல சேச்சி. அடுத்த வருஷ ஜோலி உண்டுண்ணா நமக்குத்தான். ஜோலிதான் இல்ல. அது இப்ப தனியாப் பாக்குது. ஆளு வேண்டாம்.”

“வேற காடு ஒண்ணும் இல்லியா சாரே?”

“அது எந்தக் காட்டையும் பாக்குமாம்.”

பிஜி தப்பு அடித்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது எங்கேயும் பதிந்திருக்கவே இல்லை. பெண்கள் அவரவர் குடித்த கப்பையும் நாற்காலியில் போட்டிருந்த தலையணையையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். லேகா கேக்கில் மிச்சத்தை ஒரு காகிதத்தில் பொதிந்து பிஜியின் பைக்குள் வைத்தாள். சோனாவுக்கு என்றாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி மேலே ஏறும்போது ரப்பர் இலை பொழிந்துகொண்டிருந்தது. வழி முழுக்கச் சருகு. மிதித்து நடக்கும்போது அப்பளம் நொறுங்குகிற சத்தம். பிஜி அங்கேயே நின்று செல்லசாமியைக் கூப்பிட்டாள்.

“அந்த வீடு எப்பவே போச்சு,” என்றான் அவன். “எத்தன நாளு காப்பாவ? இப்ப கையில உள்ளது பெரிய வீடு. கிடப்புல ஒரு கிழவனும் உண்டு. ராத்திரியும் பாக்கணும்.”

“எப்ப லீவு?”

“ரெண்டு வருஷம் கழிஞ்சு. அதும் அவங்க விட்டா. சேருமெண்ணா சொல்லுங்க, அடுத்த ஆளு நிக்குது.”

“சேரும்.”

“வெள்ளப் பின்னணியில போட்டோ வேணும். நாளைக்கே.”

வீட்டில் அதைக் கேட்டதும் ராபின்சன் சுவரைப் பார்த்துத் திரும்ப முயன்றான், முடியவில்லை, அப்படியே இருந்தான். சோனா கேக்கைத் தின்றுவிட்டு விரலைத் துடைத்தாள்.

“அங்க வைஃபை உண்டாண்ணு கேட்டியாம்மா?”

“கேக்கல்ல.”

“அத முதல்ல கேளு. ஆனந்தபாயம்மை நிக்குத வீட்டுல முதல் ஒரு வருஷம் இல்ல.”

மறுநாள் பெருங்கடவிளை ஸ்டுடியோவில் பிஜியை ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். ஸ்டுடியோக்காரர் கிருஷ்ணன்குட்டி தலை நரைத்தவர். அவள் பொட்டில்லாத நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கச் சொன்னார், காது தெரியணும் என்றார். எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் அவள் முகத்தைத் திறந்தார். அளவுக்கு வெட்டுவதற்காக மவுஸை இழுத்து அவள் தலையைச் சுற்றி ஒரு கட்டம் போட்டார்.

பின்னாலிருந்து பிஜி பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டம் தளர்வாக இருந்தது. ஒருபக்கம் தோளுக்கு வெளியே சுவர் தெரிந்தது.

“அண்ணாச்சி, இடது பக்கம் கூடிப்போச்சு. ஒட்டிப் போடுங்க.”

“இவ்வளவு போரும். விசாக்குத்தானே.”

“போராது. இஞ்ச தாருங்க.”

அவர் எழுந்து இடம் விட்டார். பிஜி உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள். ஒரே இழுப்பு. முடி ஒன்று வெளியே போகாமல், சுவர் வீணாக உள்ளே வராமல், கட்டம் தலையில் பிடித்து நின்றது.

கிருஷ்ணன்குட்டி குனிந்து பார்த்தார். “கொள்ளாமே, நல்லா இருக்கே,” என்றார். “இஞ்ச ஜோலிக்கு நிக்குதியா?” என்று கேட்டுவிட்டு, அவரே சிரித்தார். “எனக்கே இஞ்ச ஜோலி இல்ல. எல்லாவனும் இப்ப போன்லதான் எடுக்கான்.”

பிஜி எழுந்து மவுஸை அவரிடம் விட்டாள். அவர் பிரிண்ட் கொடுத்தார். மெஷின் ஒவ்வொரு வரியாக அவள் முகத்தைத் துப்பிக்கொண்டு வந்தது.